மாதம் ₹1,500 பட்ஜெட்டில், முப்பது தாண்டிய வயதில், ட்ரெண்டாக உடுத்த என்ன வழி?

கேள்வி இதுதான். சென்னையில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை, வயது 36, அளவு எக்ஸ்எல், துணிக்கு மாதம் ₹1,500-க்கு மேல் ஒதுக்க முடியாது. ஜூடியோவுக்குப் போனால் எல்லாம் காலேஜ் பிள்ளைகளுக்கு வைத்த மாதிரி இருக்கிறது, மீஷோவில் வாங்கினால் படத்தில் ஒன்று கையில் ஒன்று, இன்ஸ்டாகிராம் பொட்டிக்குகளில் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. வயதைக் கூட்டிக் காட்டவும் கூடாது, மகளுடைய டிரஸ்ஸை எடுத்துப் போட்ட மாதிரியும் தெரியக்கூடாது, நடுவில் கல்யாணம் காதுகுத்து வேறு வந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

நான் திருப்பூரிலும் பிறகு சென்னையிலும் ஆடை ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராக இருந்தவள். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்கும் தையல் தளத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை அது. அந்தப் பழக்கத்தில் எந்த உடையைப் பார்த்தாலும் இதில் எங்கே காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் கண் முதலில் தேடும். மலிவான உடை எதுவானாலும் எங்கேயோ ஓர் இடத்தில் காசை மிச்சம் பிடித்துத்தான் மலிவாகிறது. பிராண்டு பெயரில், கடை வாடகையில், விளம்பரத்தில் மிச்சம் பிடித்திருந்தால் நமக்கு லாபம். துணியில், தையலில், அளவில் பிடித்திருந்தால் நாலு சலவையில் நம் தலையில் விழும். அதைக் கடையில் நின்றே கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் ₹1,500 ஒன்றும் சின்னப் பட்ஜெட் இல்லை.

முதலில் பணம். இந்த ₹1,500-ஐ மாதா மாதம் செலவழிக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரு குர்தி, அதற்கு மேட்ச்சாக ஒரு லெக்கின்ஸ், பில் போடும் இடத்தில் தொங்குகிற ஒரு கம்மல், அவ்வளவுதான், காசு காலி. வருஷக் கடைசியில் பீரோ நிறைந்திருக்கும், காலையில் ஆபீஸுக்குப் போட ஒன்றும் இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ₹4,500 என்று சேர்த்து வைத்து வாங்குங்கள், அதில் இரண்டு முறை ஜனவரி-பிப்ரவரியிலும் ஜூலை-ஆகஸ்டிலும் விழுகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். பிராண்டு கடைகள் பழைய சீசன் சரக்கைத் தள்ளிவிடுவது அப்போதுதான், நம் ஊர் ஆடித் தள்ளுபடியும் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை ஓடும். டபிள்யூ, ஆரேலியா, பிபா மாதிரிக் கடைகளுக்குச் சாதாரண நாளில் போய்ப் பெருமூச்சு விட வேண்டாம், அந்தச் சீசன் கடைசியில் போனால் பாதி விலைக்கு நல்ல காட்டன் குர்தி கிடைக்கும்.

ஆடித் தள்ளுபடி என்று போர்டு போட்டதெல்லாம் தள்ளுபடி ஆகாது, ஆடிக்கென்றே வாங்கி இறக்குகிற சரக்கும் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். ஒரே டிசைன் எல்லா சைஸிலும் கத்தையாகப் புதுசாக அடுக்கியிருந்தால் அது ஆடிக்கு வந்த சரக்கு. ஒரு ரேக்கில் பத்து டிசைன், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு சைஸ் மட்டும் தொங்கினால் அது நிஜமாகவே கழிக்கிற சரக்கு, அங்கே நின்று தேடலாம். எம், எல் சைஸ்தான் முதலில் தீரும், அதனால் உங்கள் எக்ஸ்எல் அளவுக்கு இந்த ரேக்கில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு.

இன்னொரு விஷயம், எத்தனை சதவீதம் குறைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். எம்ஆர்பி ₹2,499, தள்ளுபடி 76%, விலை ₹599 என்று போட்டிருக்கும் குர்தியை யாரும் என்றைக்கும் ₹2,499-க்கு விற்றதும் இல்லை, வாங்கியதும் இல்லை. ₹599-க்கு இது தகுமா, அது மட்டும்தான் கேள்வி. எல்லாக் கடையிலும் ₹999 என்று ஏன் அவ்வளவு விலைச்சீட்டு தொங்கியது என்றால், அது கண்ணுக்குச் சின்னதாகத் தெரிவதற்காக மட்டும் அல்ல. முன்பு ₹1,000 வரை உள்ள உடைக்கு ஜிஎஸ்டி 5%, தாண்டினால் 12%. 2025 செப்டம்பர் 22 முதல் ₹2,500 வரைக்கும் 5% என்று ஆகிவிட்டது. அதனால் ₹1,200, ₹1,400 விலையில் உள்ள நல்ல பேன்ட்டையோ குர்தியையோ பார்த்து முன்பு போலத் தயங்க வேண்டியதில்லை.

சரி, எதை வாங்குவது? நான் சொல்லப்போவது உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். முதல் மூன்று மாதப் பணத்தில் முதலில் பேன்ட்டை வாங்குங்கள், குர்தி அப்புறம். நம் ஊர்ப் பெண்களின் உடையில் காலத்தைக் காட்டிக்கொடுப்பது குர்தி அல்ல, அதற்குக் கீழே போடுகிற லெக்கின்ஸ். கணுக்காலில் சுருக்கம் விழுந்து, முட்டியில் பளபளத்து, குர்தியின் சைடு ஓப்பன் காற்றில் விலகும்போதெல்லாம் கையால் இழுத்துவிட வைக்கிற அந்த லெக்கின்ஸை எடுத்துவிட்டு, அதே பழைய குர்திக்குக் கணுக்கால் வரை நேராக விழுகிற ஒரு காட்டன் பேன்ட்டைப் போட்டுப் பாருங்கள். பீரோவில் இருக்கிற குர்திகளில் பாதி புதுசாகிவிடும். கறுப்பு, அரை வெள்ளை, அப்புறம் அடர் மெரூன் அல்லது நேவி, இந்த மூன்று போதும். முன்பக்கம் தட்டையான பட்டி, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக், பாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றிலும் எலாஸ்டிக் வைத்ததை எக்ஸ்எல் அளவில் போட்டால் வயிற்றில் துணி குவிந்து இல்லாத பருமனைக் காட்டும். கோ கலர்ஸ் நம் சென்னை நிறுவனம்தான், முக்கியமாகக் கீழே போடுகிற உடைதான் விற்கிறார்கள், நிறங்கள் நிறைய, ஆனால் முழு விலைக்கு நம் பட்ஜெட் தாங்காது, தள்ளுபடி நேரத்தில் போங்கள். மேக்ஸ், ட்ரெண்ட்ஸ் கடைகளில் சாதாரண நாளிலேயே கட்டுப்படியாகும்.

நீளத்தையும் கவனியுங்கள், வயதுக்குப் பொருந்துவது பொருந்தாதது என்று நாம் நினைப்பதில் பாதி நீளத்தில்தான் இருக்கிறது. முட்டிக்குச் சற்று மேலே நிற்கிற குர்தி, அதுதான் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய அளவு, இன்றைக்கு அது எங்கேயும் சேராமல் நிற்கும். ஒன்று கெண்டைக்கால் வரை, 45-46 இஞ்ச், நேர் பேன்ட்டோடு. இல்லாவிட்டால் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே 28-32 இஞ்ச், அகலக் கால் பேன்ட்டோடு அல்லது ஜீன்ஸோடு. உங்களிடம் இருக்கும் நடு நீளக் குர்திகளை டெய்லரிடம் கொடுத்து அந்த 30 இஞ்ச்சுக்கு வெட்டி மடித்து அடித்துத் தரச் சொன்னால், ஒரு காபி ஷாப் செலவில் நாலு ஷார்ட் குர்தி.

இப்போது கடையில் எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும். குர்தியை எடுத்ததும் கழுத்து எம்பிராய்டரியைப் பார்க்காதீர்கள், அதை நீங்கள் முதலில் பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே வைத்திருக்கிறார்கள். உள்பக்கம் திருப்புங்கள். பக்கவாட்டுத் தையலில் ஓவர்லாக் (நூல் பிரியாமல் ஓரத்தைச் சுற்றி அடிக்கிற தையல்) ஓரத்துக்கும் தையல் கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள்? அரை இஞ்ச் இருந்தால் நல்லது, நாளைக்கு உடம்பு ஏறினாலும் பிரித்துவிடலாம். கால் இஞ்ச்தான் என்றால் துணியில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். தனியாக ஒரு நேர்த்தையல், அதை ஒட்டி ஓரத்தில் ஓவர்லாக், இப்படி இரண்டும் இருக்க வேண்டும். வெறும் மூன்று நூல் ஓவர்லாக்கிலேயே மொத்த உடையையும் பிடித்திருந்தால் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும் ஒருநாள் அக்குளில் விட்டுப்போகும். இரண்டு பக்கமும் விரலால் மெல்ல இழுங்கள், தையலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். ஓர் இஞ்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழுந்திருக்க வேண்டும், எட்டுக்கும் கீழே என்றால் தையலை நீளமாக வைத்து நேரத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து, குர்தியின் இரண்டு பக்கத் தையலையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நீளவாக்கில் மடித்துப் பிடியுங்கள். கீழ் ஓரம் ஒன்றாக நிற்கிறதா? ஒரு பக்கம் இறங்கியிருந்தால் துணியை மிச்சப்படுத்தச் சாய்த்து வெட்டியிருக்கிறார்கள், துவைக்கத் துவைக்கப் பக்கத் தையல் முன்னால் நகர்ந்து வரும். டீ-ஷர்ட்டில் இது இன்னும் மோசம், புதுசாக இருக்கும்போதே கீழ்ப்பக்கம் தையல் முறுக்கிக்கொண்டு நின்றால் அதைத் தொடவே வேண்டாம். அப்புறம் சாயம். கைக்குட்டையின் ஒரு மூலையை நனைத்து உள் மடிப்பில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். ஏற்றுமதிக்கான சோதனைக்கூடத்தில் வெள்ளைத் துணியை வைத்து மெஷினில் தேய்ப்பது இதே சோதனைதான். கடைப்பெண் ஒரு மாதிரிப் பார்ப்பாள், பார்க்கட்டும். அடர் நீலம், மெரூன், கறுப்பு என்றால் இதைச் செய்யாமல் வாங்காதீர்கள். கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று அம்மா சொல்லியிருப்பார், என் அம்மாவும்தான் சொல்வார், ஆனால் சாயம் ஏற்றும் தொட்டியில் சரியாகப் பிடிக்காத சாயத்தை வீட்டு உப்பு பிடித்து நிறுத்தாது.

ட்ரையல் ரூமில் கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்ப்பதோடு விடாதீர்கள். உட்காருங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், குனிந்து செருப்பை மாட்டுகிற மாதிரி செய்யுங்கள். கையைத் தூக்கும்போது மொத்தக் குர்தியும் மேலே ஏறினால் அக்குள் வளைவு தாழ்வாக வெட்டப்பட்டிருக்கிறது, அதை எந்த டெய்லராலும் சரி செய்ய முடியாது. இடுப்பு லூஸ், கை நீளம், மொத்த நீளம் இதெல்லாம் சரி செய்துவிடலாம். தோளும் அக்குளும் சரியாக இருக்கிற சைஸை எடுங்கள், அது எக்ஸ்எல்லோ டபுள் எக்ஸ்எல்லோ, மிச்சத்தைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம். விலை மலிவான குர்திக்கும் ஐம்பது நூறு செலவழித்துப் பிடித்துப் போட்டால் அது வேறு ஜாதி ஆகிவிடும். கூடவே பொத்தானையும் மாற்றிவிடுங்கள். பளபள பிளாஸ்டிக் பொத்தானைக் கழற்றி மரப் பொத்தான் வைத்து, கழுத்தில் தொங்குகிற குஞ்சத்தைக் கத்தரித்துவிட்டால் ₹450 குர்தி அந்த விலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

துணியைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. சென்னை வேர்வைக்குக் காட்டன் அல்லது ரேயான், வேறு பேச்சே இல்லை. ரேயான், விஸ்கோஸ் இரண்டும் ஒன்றுதான், லிவா என்று சீட்டு தொங்கினால் அதுவும் அந்தக் குடும்பம்தான். அழகாக விழும், உடம்போடு ஒட்டாது, ஆனால் சுருங்கும். 46 இஞ்ச் குர்தியில் இரண்டு இஞ்ச் போவது சாதாரணம், அதனால் நீளம் கொஞ்சம் கூடுதலாகவே எடுங்கள், முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். ஆன்லைனில் ₹200, ₹250-க்கு வரும் பூப் போட்ட குர்திகளில் 'அமெரிக்கன் க்ரேப்', 'பாலி க்ரேப்' என்று எழுதியிருந்தால் அது பாலியஸ்டர். 'காட்டன் ப்ளெண்ட்' என்று மட்டும் போட்டு எத்தனை சதவீதம் என்று சொல்லாததும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாயும். சந்தேகமாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் உள் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவித் தட்டில் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலானால் காட்டன் அல்லது ரேயான், உருகி உருண்டையாகக் கெட்டியானால் பாலியஸ்டர், பொய் சொன்னதற்கு ஆதாரத்தோடு திருப்பி அனுப்புங்கள்.

ஜூடியோ காலேஜ் பிள்ளைகளுக்கு என்று நினைக்க வேண்டாம். டாடா குழுமத்தின் ட்ரென்ட் (Trent) நிறுவனத்துடையது, வெஸ்ட்சைடுக்குத் தங்கை. பிராண்டு விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்காமல், விதவிதமான கம்பெனிச் சரக்கை அடுக்காமல், சொந்த லேபிள் ஒன்றையே வைத்து விலையைக் குறைக்கிறார்கள், அதாவது மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் நமக்குச் சாதகமான இடத்தில். ஆனால் அங்கேயும் எல்லாம் ஒரே தரம் இல்லை. ரிப் டாப்ஸ், பளபள பாலியஸ்டர் கவுன் இருக்கிற முன்வரிசையைக் கடந்து உள்ளே போய் காட்டன் ஷர்ட், அகலக் கால் பேன்ட், எத்னிக் பகுதியில் உள்ள நேர் குர்தி, இவற்றைப் பாருங்கள். ஆண்கள் பகுதியில் தொங்குகிற லூஸ் ஷர்ட்டும் நமக்கானதுதான், கையை மடித்துவிட்டு ஒரு டாங்க் டாப்புக்கு மேல் திறந்து போட்டால் அதற்குப் பெயர் ஓவர்சைஸ். வார நாளில் காலையில் போங்கள், ஞாயிறு மாலை போனால் ட்ரையல் ரூம் வரிசையிலேயே அலுத்துவிடும். ஒன்று நினைவிருக்கட்டும், ஜூடியோ ஆன்லைனில் விற்பதில்லை. அந்தப் பெயரில் ஆன்லைனில் துணி விற்கும் வெப்சைட், ஃபேஸ்புக் விளம்பரம் எல்லாம் போலி, கார்டு நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள்.

மீஷோவில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு விலை காட்டும். எந்தக் காரணத்துக்கும் திருப்பலாம் என்பது ஒரு விலை, தவறான பொருளோ பழுதோ வந்தால் மட்டும் திருப்பலாம் என்பது அதைவிடக் கொஞ்சம் குறைந்த விலை. அந்தச் சில ரூபாய்க்காக இரண்டாவதை அழுத்திவிட்டு அளவு சேரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. உடைக்கு எப்போதும் முதல் விலையை எடுங்கள். மாடல் போட்டிருக்கும் படத்தை நம்பாதீர்கள், பத்து விற்பனையாளர்கள் ஒரே படத்தைப் போட்டு பத்துத் தரத்தில் அனுப்புவார்கள். வாங்கியவர்கள் வீட்டு ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்துப் போட்ட படத்தைப் பாருங்கள், அதுதான் உண்மை நிறம். பார்சலைப் பிரிக்கும்போது போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள்.

அளவுக்கு ஒரே வழி, உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு குர்தியைத் தரையில் விரித்து ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அந்த எண்ணை உடையின் அளவு என்று போட்டிருக்கும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்எல் என்றால் பொதுவாக 42, ஆனால் சில பேர் 42 என்பதை உடம்பு அளவாகச் சொல்வார்கள், சில பேர் உடையின் அளவாகச் சொல்வார்கள், அந்த இரண்டு இஞ்ச் வித்தியாசத்தில்தான் பாதி ரிட்டர்ன் நடக்கிறது.

இன்ஸ்டாகிராம் பொட்டிக் என்றால், 'விலைக்கு டிஎம் செய்யவும்' என்று போட்டிருக்கும் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போடுங்கள். ஜெய்ப்பூர், சூரத்திலிருந்து மொத்தமாக வரும் அதே செட் வேறு இடத்தில் பாதி விலைக்கு நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். சொந்தமாக டிசைன் செய்து தைத்துத் தருகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கும் விலை நியாயமானதுதான், ஆனால் அவர்கள் படம் லென்ஸில் வேறு எங்கேயும் வராது.

அப்புறம் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்'. திருப்பூர் காதர்பேட்டையில் தொடங்கி சென்னையில் தெருவுக்கு ஒரு கடை வரை இந்த போர்டு இருக்கிறது, இந்தத் தொழிலில் இருந்ததால் இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஆர்டர் பத்தாயிரம் பீஸ் என்றால் பழுதாகும் என்று எதிர்பார்த்து மூன்று முதல் ஐந்து சதவீதம் கூடுதலாக வெட்டுவார்கள். அதில் மிஞ்சுவதும், பையர் தட்டிக்கழித்ததும்தான் நிஜமான சர்ப்ளஸ். அது எப்படி இருக்கும்? சைஸ் முன்னே பின்னே இருக்கும், நிறம் ஒன்றிரண்டுதான் இருக்கும், கழுத்து லேபிளைப் பாதியில் வெட்டியிருப்பார்கள் அல்லது மார்க்கரால் கோடு போட்டிருப்பார்கள், உள்ளே பக்கத் தையலில் நாலு மொழியில் சலவைக் குறிப்பு எழுதிய வெள்ளைப் பட்டி மட்டும் அப்படியே இருக்கும். ஒரு கடையில் பெரிய வெளிநாட்டு பிராண்டு லேபிள் பளபளவென்று முழுசாக ஒட்டிக்கொண்டு, ஸ்மாலிலிருந்து டபுள் எக்ஸ்எல் வரை ஐந்து நிறத்திலும் கேட்டதெல்லாம் எடுத்துத் தந்தால், அது சர்ப்ளஸே கிடையாது, உள்ளூரில் தைத்து லேபிள் ஒட்டியது. அதையும் வாங்கலாம், தப்பில்லை, உள்ளூர் சரக்கின் விலைக்கு வாங்குங்கள்.

நிஜச் சர்ப்ளஸில் வாங்க வேண்டியது டீ-ஷர்ட், ட்ராக் பேன்ட், இரவு உடை, பின்னலாடை வகையறா. எங்கே பழுது என்று தேடிப் பாருங்கள், ஏதோ ஒன்று இருக்கும், அதனால்தான் அது இங்கே இருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி முனை ஓட்டை தெரியும், அது துவைக்கத் துவைக்கப் பெரிதாகும், வேண்டாம். எண்ணெய்க் கறையா, மறைவான இடமா, விலையில் இன்னும் ஐம்பது குறைக்கச் சொல்லுங்கள். சைஸ் எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், பிரிட்டன் 12 என்பது ஐரோப்பா 40, அமெரிக்கா 8, மூன்றும் ஒரே உடம்புதான். உங்களுக்கு 14, 16 பக்கம் வரும், அந்த அளவுகள் உள்ளூர் பிராண்டுகளைவிட இங்கே தாராளமாகக் கிடைக்கும்.

தைத்துக்கொள்வது மலிவா என்றால், இப்போது இல்லை. எழும்பூர் பாந்தியன் சாலையில், மியூசியம் பக்கம் காட்டன் ஸ்ட்ரீட் என்று சொல்வார்களே, அங்கே நல்ல பிரிண்டட் காட்டன் மீட்டர் ₹150 என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு குர்திக்கு இரண்டரை மீட்டர், ₹375, தையல் கூலி இன்னொரு நானூறு. ₹775-க்கு ரெடிமேடே கிடைக்கும். ஆனால் உங்களுக்கு மார்பளவுக்கு எக்ஸ்எல், தோளுக்கு எல் என்று இரண்டு சைஸ் உடம்பாக இருந்தால் வருஷத்தில் மூன்று நாலாவது தைத்துக்கொள்ளுங்கள். பொருந்துகிற பழைய குர்தி ஒன்றை டெய்லரிடம் அளவுக்குக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். துணியை ஓர் இரவு தண்ணீரில் நனைத்து உலர்த்திக் கொடுங்கள். ட்ரெண்டைத் தேடிப் போக வேண்டாத துணிகள் அங்கே நிறைய. கலம்காரி, இக்கத், அஜ்ரக் மாதிரி பாரம்பரிய டிசைன் துணிகள் எந்த வருஷமும் பழசாகாது, 36 வயதுக்கும் 56 வயதுக்கும் நிற்கும். அஜ்ரக் என்று சொல்லித் தரும் துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் மெஷின் பிரிண்ட், அதற்கு அச்சுக் கைவேலை விலை கொடுக்காதீர்கள். அதே துணியில் மேலும் கீழும் ஒரு கோ-ஆர்ட் செட் தைத்துவிட்டால் மேலே உள்ளதைக் கறுப்பு பேன்ட்டோடு, கீழே உள்ளதை வெள்ளைக் குர்தியோடு என்று மூன்று விதமாகப் போடலாம். ரெடிமேட் கோ-ஆர்ட் வாங்கினாலும் இந்தக் கணக்குத் தேறுமா என்று பார்த்து வாங்குங்கள்.

தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கும் பாண்டி பஜாருக்கும் நான் எதிரி இல்லை, ஆனால் அங்கே ட்ரையல் இல்லாத கடைகளில் டேப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போகாமல் குர்தி வாங்க வேண்டாம். ஷால், ஸ்டோல், கம்மல், உள்பாவாடை, இரவு உடை வாங்க அந்தத் தெருவை மிஞ்ச ஆளில்லை.

முதல் ₹4,500-ஐ நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: பேன்ட் இரண்டு ₹1,300, நீளக் குர்தி இரண்டு ₹1,300, ஒரு ஷர்ட் ₹500, பழைய குர்திகளை ஆல்டர் செய்ய ₹500, மிச்சம் ₹900-ஐ அடுத்த முறைக்குத் தள்ளிவிடுங்கள். பஃப் கை, ரஃபிள், நியான் நிறம், கோர்செட் மாதிரி இடுப்பைப் பிடிக்கிற டாப் இதையெல்லாம் ஆசையாக இருந்தால் ஒன்று மட்டும், அதுவும் ₹400-க்குள். ஆறு மாதத்தில் போய்விடும் விஷயத்துக்கு அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கென்று தனியாக லெஹங்கா, பார்ட்டி கவுன் எதுவும் வாங்க வேண்டாம், நம்மிடம் புடவை இருக்கிறதே. புடவை பழசாகத் தெரிவது பிளவுஸால்தான். கறுப்பு, பழந்தங்க நிறம், மெரூன், இந்த மூன்றில் இழுவையுள்ள ரெடிமேட் பிளவுஸ் ஒவ்வொன்று, முழங்கை வரை கை வைத்தது, வாங்கி வைத்துவிட்டால் அம்மாவின் பழைய பட்டிலிருந்து நேற்று வாங்கிய லினன் வரை எல்லாவற்றுக்கும் ஓடும், ஒவ்வொரு புடவைக்கும் லைனிங் பிளவுஸ் தைக்கிற கூலி மிச்சம். புதுப் புடவைதான் வேண்டும் என்றால் தீபாவளியை ஒட்டி கோ-ஆப்டெக்ஸில் 30% தள்ளுபடி வரும், அப்போது சின்னாளப்பட்டி சுங்குடியோ கோயம்புத்தூர் காட்டனோ ஒன்று எடுத்து, மேலே சொன்ன கறுப்பு பிளவுஸோடு கட்டிக்கொண்டு போங்கள்.